சீசாவில் ஒட்டிய நிலா

அந்த அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அந்த வரிசையைச் சொல்ல வேண்டும். உடுமலைப்பேட்டையில் சந்தைக்குப் பின்பக்கம் ஒரு பஞ்சு வியாபாரி தன் தகப்பனார் பேரில் கட்டிவிட்ட தர்ம ஆஸ்பத்திரி அது. ஓட்டுக் கட்டடம், இரண்டு அறை, முன்னால் தகரம் போட்ட தாழ்வாரம். ஓர் அறையில் டாக்டர் உட்கார்ந்திருப்பார். இன்னோர் அறையில் ஒரு பக்கம் நான் புண்ணுக்குக் கட்டுப் போடுவேன், மறுபக்கம் கம்பவுண்டரம்மா மருந்து கலக்குவார். டாக்டர் ஒருவரைப் பார்த்து முடிப்பதற்குள் நான் இரண்டு பேருக்குப் புண்ணைக் கழுவிக் கட்டிவிடுவேன். கம்பவுண்டரம்மாவிடம் வந்ததும் எல்லாம் நின்றுபோகும். தளிப் பக்கமிருந்தும் மடத்துக்குளம் பக்கமிருந்தும் விடியுமுன்னே கிளம்பி வந்த சனம் தகரத்துக்கு அடியில் குந்தியிருக்கும். காய்ச்சல்காரர்கள் போர்வைக்குள் வெடவெடவென்று நடுங்குவார்கள். உள்ளே இந்த அம்மாள் ஒரு துண்டுக் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்து, “ம்ஹும்” என்று கூடையில் போட்டுவிட்டு இன்னொரு காகிதத்தை எடுப்பார்.

எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும்.

அந்தக் காகிதத்தில் அப்படி என்ன என்றால், படம். ரப்பர் முத்திரையால் வைத்த படம். அவரிடம் நான்கு முத்திரைகள் இருந்தன. வாய், கை, சூரியன், பிறை. வாய் என்றால் குடிக்கிற மருந்து, கை என்றால் மேலே தேய்க்கிற மருந்து. சூரியன் என்றால் காலை, பிறை என்றால் ராத்திரி. சீசாவில் வாயும் சூரியனும் ஒட்டியிருந்தால் காலையில் குடிக்க வேண்டும். கையும் பிறையும் ஒட்டியிருந்தால் படுக்கப் போகும்போது தேய்க்க வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. இதற்குத்தான் இத்தனை பாடு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த முத்திரையெல்லாம் கிடையாது. மருந்தைக் கொடுத்து, வாயால் சொல்லி அனுப்புவதுதான் வழக்கம். ஒரு பெரியவருக்கு வயிற்றுக்கு ஒரு மருந்தும் முழங்காலுக்கு ஒரு தைலமும் கொடுத்தனுப்பினோம். மனுசன் வீட்டுக்குப் போய் வயிற்று மருந்தை முழங்காலில் தேய்த்துக்கொண்டு, தைலத்தை மடமடவென்று குடித்துவிட்டார். மறுநாள் வண்டியில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்தார்கள். குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. எப்படியோ பிழைத்தார். கம்பவுண்டரம்மா, மருந்து வாங்கும்போது கூட வந்திருந்த அவர் மகனிடம், “நான் சொன்னேனுங்களே, இது மேலுக்குத் தேய்க்கறதுன்னு” என்றார்.

“சொன்னீங்க அம்மணி, இல்லைன்னு சொல்லலீங்க. ரெண்டும் செவப்பா இருந்துச்சுங்க. வண்டியில போறப்ப ஒரம்பரை, எங்க சொந்தக்காரரு ஒருத்தரு ஏறுனாரு, பேச்சுல மறந்துபோச்சுங்க” என்றான் அவன்.

அன்றிலிருந்து அவருக்குச் சொல்லில் நம்பிக்கை போய்விட்டது. “சொல்லு பாதி வழியிலயே சிந்திப்போயிருது தம்பி. படந்தான் ஊடு வரைக்கும் போகும்” என்பார். ஆளே மாறிப்போனார். அதற்கு முன் கொஞ்சமாவது பேசிக்கொண்டிருந்தவர், அப்புறம் சீசாவை நீட்டும்போது எல்லோரிடமும் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார்: “படத்தைப் பாத்துக் குடுங்க.”

முத்திரை செய்ய என்னைத்தான் கோயமுத்தூருக்கு விரட்டினார். அவரே பென்சிலால் வரைந்து கொடுத்த படங்களைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், கோட்டைமேட்டில் முத்திரை செய்கிற ஒரு சாயபுவைக் கண்டுபிடித்தேன். அவர் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தாலுகா கச்சேரிக்கு முத்திரை செஞ்சு குடுத்திருக்கேனுங்க, கம்பெனிக்குச் செஞ்சு குடுத்திருக்கேனுங்க. வாய் வேணும்னு வந்தது நீங்க ஒருத்தர்தானுங்க” என்று சிரித்தார். நிலாவை ஏன் முழுசாகப் போடவில்லை என்று கேட்டார். அதை நானும் அம்மாளிடம் கேட்டிருந்தேன். முழு நிலாப் போட்டால் வட்டம், சூரியனும் வட்டம், சூரியனின் கதிர்களில் கொஞ்சம் மசி அப்பிக்கொண்டால் எது எதென்று தெரியாமல் போகும் என்றார். அதனால் பிறை. ஆகாயத்தில் தெரிகிறபடியே, கொம்பு இரண்டும் மேலே பார்த்துக் கிண்ணம் மாதிரி படுத்திருக்கிற பிறை.

முத்திரை வந்தது, என் நிம்மதி போனது.

அந்த வேலையை அவர் செய்வதைப் பார்த்தால்தான் நான் சொல்வது புரியும். முதலில் என் கட்டுத் துணியில் ஒரு துண்டை எடுத்து நாலாய் மடித்து மேசைமேல் போடுவார். அதற்கே எங்களுக்குள் தினமும் தகராறு. பலகைமேல் நேரே வைத்தால் முத்திரையின் நடுப்பாகம் பதியாது, அடியில் கொஞ்சம் மெத்தென்று இருக்க வேண்டுமாம். அதன்மேல் காகிதம். மசிப் பெட்டியில் முத்திரையை அமுக்க மாட்டார், குழந்தையின் கன்னத்தைத் தட்டுகிற மாதிரி மெல்ல மெல்லத் தட்டி எடுப்பார். பிறகு அதைச் சாய்த்துப் பார்த்து, மசி எல்லா இடத்திலும் ஒரே மினுமினுப்பாக இருக்கிறதா என்று கவனிப்பார். நேரே இறக்குவார். ஆட்டாமல் அசைக்காமல் வைத்திருந்து நேரே தூக்குவார். அந்த நேரத்தில் மூச்சுக்கூட விடமாட்டார் என்று நினைக்கிறேன். கோடைகாலத்தில் மசி கெட்டிப்பட்டுப் போனால் அதில் கிளிசரின் இரண்டு சொட்டு விடுவார். வேலை முடிந்ததும் வாய் முத்திரையின் பல்லிடுக்கையெல்லாம் ஈரத் துணியால் துடைத்து, மெல்லிய பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவி நிழலில் கவிழ்த்து வைப்பார். “ஊர்ல உள்ளவங்க பல்லு விளக்கறாங்களோ இல்லையோ, இதுக்குத் தெனமும் பல்லு விளக்கியாகணும்” என்று டாக்டரே ஒருநாள் கேலி செய்தார்.

கூட்டம் தாங்காமல் போகும்போது நானும் கை கொடுக்கப் போவேன். நான் வைத்தால் படம் தேறாது. என்னுடையது புண்ணுக்கு இறுக்கிக் கட்டுப் போட்டுப் பழகின கை.

“அழுத்தாதீங்க தம்பி. அழுத்துனா மசிதான் பிதுங்கும், படம் வராது.”

“சரிதான் அக்கா, கொஞ்சம் அப்பிப்போச்சு, இதுமேலயே இன்னொருக்கா வெச்சுரட்டுங்களா?”

“ஐயோ வேண்டாமுங்க. ஒரு வாய் ரெண்டு வாயாயிரும். எந்த மருந்துன்னு தெரியாம அவிய என்ன பண்ணுவாங்க?”

அந்தக் காகிதம் கூடைக்குப் போகும். நானும் கெரகமே என்று என் புண்களிடம் திரும்பிப்போவேன்.

சனங்களுக்கு என்னவோ அந்தப் படங்கள் பிடித்துப்போயின. வாய் முத்திரையைப் பார்த்து ஒரு பெண்பிள்ளை, “இது எங்க மாமியா வாயாட்டவே இருக்குதுங்க அம்மணி, மூடவே மூடாது” என்றாள், தகரத்துக்கு அடியில் இருந்த மொத்தப் பேரும் சிரித்தார்கள். கள்ளுக்கடைக்காரர் ஒருவர், “எங்க கடைச் சீசாவுக்கும் ஒரு வாய் போட்டுக் குடுங்க, யாவாரம் ஓஹோன்னு ஓடும்” என்று கெஞ்சினார். ஒரு வீட்டில் காலியான சீசாக்களிலிருந்து சூரியனையும் பிறையையும் நனைத்து உரித்து மாட்டுக் கொட்டகைக் கதவில் வரிசையாக ஒட்டியிருந்ததை நானே கண்ணால் பார்த்தேன். இதையெல்லாம் வந்து சொன்னால் அம்மாளுக்குச் சிரிப்பு வராது. “கோடு சுத்தமா இருந்துச்சுங்களா தம்பி?” என்பார்.

அவரைப் பற்றி ஊரில் மூன்றுவிதமாகப் பேசிக்கொண்டார்கள். புருசன் கண்டிக்கு ஓடிப்போனான் என்பார்கள். இல்லை, செத்துப்போனான் என்பார்கள். கல்யாணமே ஆகவில்லை, மிஷன் ஆஸ்பத்திரியில் வளர்ந்தவள் என்றும் சொல்வார்கள். பவானியில் ஒரு தங்கை இருப்பது மட்டும் எனக்குத் தெரியும். பண்டிகை நோம்பி நாளில் அவள் வீட்டிலிருந்து ஒரு ஜமக்காளம் வந்தது. அதை விரித்துப் படுக்காமல் மருந்துச் சீசாக்கள் ஒன்றோடொன்று மோதாதிருக்க அலமாரியில் விரித்துப் போட்டிருந்தார். அவருடைய வாழ்க்கையில் எனக்குத் தெரிந்தது அவ்வளவே. ஆனால் அந்தக் கை தெரியும். வலிக்கிற இடத்தை அந்தக் கை தொட்டால் நோயாளி கத்தமாட்டான். நான் கட்டு அவிழ்க்கும்போது ஊரே கேட்கக் கூச்சல் போடுகிறவன், அந்த அம்மாள் வந்து பக்கத்தில் நின்றால் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பான். எனக்கு அவர்மேல் மரியாதை இருந்தது. பாசமும் இருந்தது. அதோடு அலுப்பும் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஐப்பசி பிறந்தால் மலையடிவாரத்து ஊர்களிலெல்லாம் முறைக்காய்ச்சல் வந்துவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள், சொல்லி வைத்த மாதிரி, குளிரில் ஆரம்பித்து அனலில் முடியும். கொயினா மருந்துதான் அதற்கு. அந்த வருசம் மழையும் விடவில்லை, காய்ச்சலும் விடவில்லை. தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் டாக்டர் சொல்வது எனக்குக் கேட்காது, நான் சொல்வது நோயாளிக்குக் கேட்காது. எங்கள் மூன்று பேருக்கும் உடம்பு ஓய்ந்துபோயிருந்தது. கைகழுவிக் கழுவி விரலிடுக்கெல்லாம் வெந்துபோய்விட்டது எனக்கு. ஈரக் காற்றில் காகிதம் நமத்துப்போய் முத்திரையும் சரியாக விழவில்லை. கூடை நிறைய வாயும் கையும் கிடந்தன.

ஒருநாள் வரிசையில் நின்றிருந்த ஒருவன் அப்படியே சுருண்டு விழுந்தான். அவனைத் தூக்கிப் பெஞ்சில் கிடத்திவிட்டு நான் உள்ளே போய்க் கத்திவிட்டேன்.

“கோடு கொஞ்சம் தடிச்சா என்னங்க அக்கா குடி முழுகிப்போகுது? இங்க ஆளு உளுந்து கெடக்கறான். உசுரு போயிட்டிருக்குது, நீங்க சூரியனுக்குக் கதிரு எண்ணிட்டிருக்கறீங்க!”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தலையைக்கூடத் தூக்கவில்லை. “உசுருக்காகத்தான் தம்பி பாத்துப் பாத்து வெக்கறேன்” என்றார். குரலில் அத்தனை சோர்வு. நான் விழுந்தவனுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் அந்தப் புதுச் சோடி வந்தது. மலையடிவாரத்தில் ஏதோ ஒரு தோட்டத்து ஊர். எங்கள் ஆஸ்பத்திரிக்கு அவர்கள் வருவது அதுதான் முதல் தடவை. கல்யாணமாகி வருசம்கூட ஆகவில்லை என்றான் அந்தப் பையன். மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி அவளைப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தான். மண்ணீரல் வீங்கி, முகம் வெளிறி, அவள் வண்டியிலிருந்து இறங்கி நடந்ததே பெரிது. விடியற்காலையில் குளிர் வந்தால் மத்தியானம் வரைக்கும் நினைவு இருக்காதாம்.

டாக்டர் பார்த்துவிட்டு இரண்டு மருந்து எழுதினார். காலையில் குடிக்க உடம்பு தேறுவதற்கு ஒன்று, ராத்திரியில் குடிக்கக் கொயினா ஒன்று. அவள் தாழ்வாரத்து ஓரம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள், புருசன் அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். டாக்டர் எங்கள் அறைக்குள் வந்து கம்பவுண்டரம்மாவிடம் சொன்னார்:

“அம்மா, அந்தப் பொண்ணு தாங்கறது சிரமம். விடிகாலைல காய்ச்சல் வருது, அதுக்கு முந்தி ராத்திரியே கொயினா உள்ள போயிருக்கணும். இன்னைக்கே ஆரம்பிக்கணும், ஒரு ராத்திரிகூடத் தவறக்கூடாது. நல்லாப் புரியும்படியாச் சொல்லி அனுப்புங்க.”

“சரிங்க” என்றார் அம்மாள்.

அவளுக்காக அவர் பட்ட பாடு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மேசைத் துணியை மாற்றிப் போட்டார். காகிதத்தை அடுப்புச் சூட்டில் காட்டி ஈரத்தைப் போக்கினார். பிறை முத்திரையைக் கழுவித் துடைத்துப் புது மசி தொட்டு வைத்தார். முதலில் வைத்தது போதவில்லை. ஒரு கொம்பு லேசாக மழுங்கியிருந்ததாம், எனக்கு ஒரு மழுங்கலும் தெரியவில்லை. அடுத்ததில் அடிவயிறு வெளுத்துப்போயிற்று. அதையும் தள்ளினார். பிறகு வைத்தார் ஒன்று. நானே கட்டுப் போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். கத்தியால் வெட்டி வைத்த மாதிரி பிறை. இரண்டு கொம்பும் ஊசி முனையாக, கொஞ்சமும் கசியாமல் கருகருவென்று. அந்த அம்மாள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தப் பெண் மெல்ல உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உடம்பு அந்த நிலையிலும் வாய்த்துடுக்கு போகவில்லை அவளுக்கு.

“அம்மணி, அந்த வாய் நல்லால்லீங்க. நிலா அழகா இருக்குதுங்க. எனக்கொண்ணு தனியாக் குடுங்களேன்” என்றாள்.

“ஏங்கண்ணு, உனக்கெதுக்கு?”

“செவுத்துல ஒட்டி வெச்சுக்கறனுங்க. படுத்துட்டே பாத்துட்டிருக்கலாம்.”

“சும்மா இரு புள்ள, அவியளுக்கு ஆயிரம் சோலி” என்று புருசன் அதட்டினான். அதட்டலில் ஒன்றும் இல்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மருந்துக்கல்லாமல் ஒரு முத்திரையும் வைக்காத கம்பவுண்டரம்மா அவளுக்காக ஒரு பிறை வைத்துக் கொடுத்தார். அவள் அதை ஊதி ஊதிக் காயவைத்து மடியில் கட்டிக்கொண்டாள்.

இரண்டு சீசாவையும் புருசன் கையில் கொடுத்து, “படத்தைப் பாத்துக் குடுங்க. தவறாமக் குடுங்க. தீந்ததும் சீசாவக் கொண்டாந்து குடுத்துப் போட்டு வேற வாங்கிக்கங்க” என்றார். அவருக்கு அது நீண்ட பேச்சு.

“சரிங்க அம்மணி. போயிட்டு வாரமுங்க.”

தீபாவளி வந்தது, போனது. மழை கொஞ்சம் வெறித்தது. அவர்கள் வரவில்லை. அம்மாள் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலைப் பார்ப்பார். “அந்தப் புள்ளைக்கு மருந்து தீந்திருக்குமுங்களே தம்பி” என்று என்னிடம் இரண்டு மூன்று தரம் கேட்டார். வேறு யாரையும் பற்றி அவர் இப்படிக் கேட்டதில்லை. தேறிவிட்டதால் வரவில்லை என்று நான் சொன்னேன். அப்படித்தான் நானும் நினைத்தேன்.

ஒருநாள் கூட்டம் குறைந்த நேரத்தில் அவன் மட்டும் வந்தான். மீசையை மழித்திருந்தான். அதைப் பார்த்ததுமே கையிலிருந்த கட்டுத் துணியைக் கீழே வைத்தேன். நேரே கம்பவுண்டரம்மாவின் மேசைக்குப் போய், துண்டில் சுற்றிவைத்திருந்த இரண்டு சீசாவையும் எடுத்து வைத்தான்.

“செத்துப்போச்சுங்க அம்மணி. தீவாளி நோம்பிக்கு மொத நாளு. காரியமெல்லாம் முடிஞ்சுதுங்க. சீசாவத் திருப்பிக் குடுக்கோணும்னு சொல்லியிருந்தீங்க.”

அம்மாள் எழுந்து நின்றுவிட்டார். சீசாக்களைப் பார்த்தார். சூரியன் ஒட்டிய சீசா காலியாக, கழுவித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. பிறை ஒட்டிய சீசாவில் மருந்து கழுத்துவரைக்கும் நின்றது. தக்கையைக்கூடத் திருகவில்லை.

“இது... இதைத் தொறக்கவே இல்லீங்களா?”

“இல்லீங்க. அதுக்கு மின்னாலயே போயிட்டாளுங்க.”

“எதுக்கு மின்னால?”

“பொறைக்குங்க.” அவன் விரலால் படத்தைத் தொட்டுக் காட்டினான். “பொறை தெரிஞ்சு ஆரம்பிக்கறதுதானுங்களே இது? எங்கூரு வைத்தியரும் பெரிய மருந்துன்னா அப்படித்தானுங்க சொல்லுவாரு, தேய்பொறையில தொடாதீங்க, அமாவாசை கழிச்சு மூணாம் பொறையப் பாத்துப் போட்டு ஆரம்பீங்கன்னு. கிண்ணமெல்லாம் வெளக்கி வெச்சிருந்தனுங்க. அவ போனதுக்கப்பறம் பொறை தெரிஞ்சுதுங்க. வாசல்ல நின்னு பாத்தனுங்க.”

டாக்டர் சத்தம் கேட்டு வந்து வாசற்படியில் நின்றார். மழை இல்லை, ஆனாலும் ஒருவர் பேச்சு இன்னொருவருக்குக் கேட்காத மாதிரி இருந்தது. கம்பவுண்டரம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு, ரொம்பத் தாழ்ந்த குரலில் கேட்டார்:

“அது ராத்திரின்னு அர்த்தமுங்க. தெனமும் ராத்திரி. ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை வந்து கேட்டிருக்கக் கூடாதுங்களா?”

“எங்கம்மா கேட்டுட்டு வாடான்னுதானுங்க சொன்னாங்க. நான்தான் படத்தக் காட்டுனனுங்க. கொஞ்சம் அப்பிக் கிப்பியிருந்தா, இதென்னமோ வெளங்கலயேன்னு வண்டியத் திருப்பியிருப்பனுங்க. கொம்பு ரெண்டும் எத்தன தெளிவா இருக்குதுன்னு பாருங்க அம்மணி. இதுல கேக்கறதுக்கு என்னங்க இருக்குது?”

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. அவன் எங்களைத் திட்டியிருந்தால் தேவலை. மரியாதைக்குச் சொல்கிற அந்த ‘ங்க’வை விடாமல் சொல்லிவிட்டு, கும்பிட்டுவிட்டு, வெயிலில் இறங்கிப் போய்விட்டான்.

“அம்மா, இதுல உங்க தப்பு ஒண்ணும் இல்லை” என்றார் டாக்டர். கம்பவுண்டரம்மா மருந்து நிறைந்த அந்தச் சீசாவை எடுத்து அலமாரியில் வைக்கப் போனார், வைக்காமல் திரும்பினார், மறுபடி போனார். பக்கத்து ஊர்க்காரர்கள் படங்களுக்கு அர்த்தம் ஒருவரையொருவர் கேட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள், புதிதாக வந்தவனுக்கு யார் சொல்வார்கள்? இதற்கு முன்னால் எத்தனை வீட்டில் பிறைக்காகக் காத்திருந்தார்களோ என்று நினைத்தபோது எனக்கே சோறு இறங்கவில்லை. அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

மறுநாள் அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் வந்திருந்தார். முத்திரைகளைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டிருப்பார் என்று பார்த்தால், நான்கும் எப்போதும்போல மேசைமேல் இருந்தன. முதலில் வந்தவள் ஒரு கிழவி, பேத்திக்குக் காய்ச்சல் என்று மருந்துக்கு வந்தவள். அம்மாள் கொயினாவை ஊற்றித் தக்கை வைத்தார். காகிதத்தைப் போட்டார். அடியில் துணி மடித்துப் போடவில்லை. பிறை முத்திரையை மசிப் பெட்டியில் வைத்து அமுக்கினார், மசி விளிம்பில் பிதுங்கி வழிந்தது. அப்படியே காகிதத்தில் இறக்கி, மணிக்கட்டைத் திருப்பி முத்திரையை இப்படியும் அப்படியும் ஒரு ஆட்டு ஆட்டினார்.

அந்தக் கை அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

தூக்கியபோது காகிதத்தில் இருந்தது நிலாவும் இல்லை, சூரியனும் இல்லை, வெறும் கருப்பு அப்பல். அதைத்தான் பசை தடவிச் சீசாவில் ஒட்டிக் கிழவி கையில் கொடுத்தார். கிழவி கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். தூர வைத்துப் பார்த்தாள்.

“ஏனுங்க அம்மணி, என்னமோ அப்பிக் கெடக்குதுங்களே. எனக்கொண்ணும் தெரியலீங்களே?”

“ஆமாங்க, தெரியாதுங்க. என்னையக் கேளுங்க.”

“என்னங்க இது?”

“ராத்திரிங்க. நிலா இருந்தாலும் இல்லாட்டியும் ராத்திரி. இன்னைக்கு ராத்திரியே குடுக்கோணும், நாளைக்கு ராத்திரியும் குடுக்கோணும், அமாவாசை அன்னைக்கும் குடுக்கோணும். எங்க, நீங்க சொல்லுங்க பாக்கலாம்.”

கிழவி சொன்னாள். தப்பாகச் சொன்னாள். மறுபடி சொல்லச் சொன்னார். வரிசை தகரத்தைத் தாண்டி வெயிலுக்குப் போனது, அங்கிருந்து சந்தைச் சுவர்வரைக்கும் போனது. அன்று நான் அவரை அவசரப்படுத்தவில்லை. அந்த அம்மாள் அன்றைக்குப் பேசிய பேச்சு, நான் அவரோடு வேலை பார்த்த காலமெல்லாம் சேர்த்தாலும் பேசியிருக்கமாட்டார். மத்தியானத்துக்குமேல் தொண்டை கட்டிக்கொண்டது. பொழுது சாய்கிறபோது குரல் சுத்தமாகப் போய், வெறும் காற்றுத்தான் வந்தது. கடைசியாக நின்றிருந்தவன் மேசைமேல் குனிந்து, தன் காதை அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டு போனான்.